விருந்தினர் அறையும் பணிப்பெண்ணும்

சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் மகாநாடொன்றின் பொருட்டுக் கொழும்பிலே மூன்று நாட்கள் தங்க நேர்ந்தது. ஏற்பாட்டாளர்கள் எங்களைக் கடலைப் பார்த்த பெரிய ஹோட்டல் ஒன்றில் அமர்த்தியிருந்தனர். என் போன்றவனின் சம்பளத்துக்கு எட்டாத இடம். ஆகவே அங்கே கண்டவற்றையெல்லாம் பாதி வியப்போடும் பாதிக் கூச்சத்தோடும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாட் காலை, மறுநாள் வாசிக்கவேண்டிய கட்டுரையைத் திருத்திக்கொண்டு மேசையருகே அமர்ந்திருக்கையில், கதவு மூன்று முறை தட்டப்பட்டது. திறந்தேன். துவாய்களும் கட்டில் விரிப்புகளும் அடுக்கிய தள்ளுவண்டியோடு ஒரு பெண் நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கலாம். அறையைத் துப்புரவு செய்ய வந்ததாகச் சொன்னாள். "செய்யுங்கோ பிள்ளை, நான் என்ர பாட்டில எழுதிக்கொண்டிருப்பன்" என்று சொல்லி, நடைவழியின் ஓசை கேளாதிருக்கட்டும் என்று கதவைச் சாத்தப் போனேன். அவள் உள்ளே அடி வைக்கவில்லை. "கதவு திறந்தபடி இருக்கட்டும் ஐயா" என்றாள். என் முகம் மாறியதைக் கண்டாளோ என்னவோ, "ஐயா வெளியில போகேக்கை சொல்லுங்கோ, பிறகு வாறன்" என்று வண்டியைத் திருப்பிவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. தலை நரைத்த ஆசிரியன் ஒருவனைப் பற்றி இந்தப் பிள்ளை என்ன எண்ணிவிட்டாள் என்று மனம் குமைந்தது. அன்று மாலை நண்பரொருவரிடம் இதனை ஒரு குறைபோலவே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நானும் மறந்துவிட்டேன். பிற்காலத்தில் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து ஹோட்டற் பணிப்பெண்களைப் பற்றி வாசிக்கும்போதுதான் அந்தக் காலை நினைவுக்கு வந்தது. அவள் என்னைப் பற்றி எதையுமே எண்ணியிருக்கவில்லை. கதவைப் பற்றித்தான் எண்ணினாள் என்பதும் அப்போதுதான் விளங்கிற்று.

அறைப் பணிப்பெண்ணின் தொழிலைச் சற்றே மனக்கண்ணால் பார்ப்போம். அமெரிக்கப் பெருநகரங்களில் ஒருத்திக்கு நாளொன்றுக்குப் பதினான்கு, பதினைந்து அறைகள் என்று கணக்கு. ஒவ்வோர் அறையிலும் கட்டில் விரிப்பை உரித்து மாற்றவேண்டும், மெத்தையைத் தூக்கவேண்டும், குளியலறைத் தரையில் முழந்தாளிட்டுத் தேய்க்கவேண்டும், சவர்க்காரமும் துவாயும் வைக்கவேண்டும். அரை மணித்தியாலத்துக்குள் ஓரறை முடியாவிட்டால் அடுத்த அறை பிந்தும். இத்தனையும் அவள் தனியாகச் செய்வது. முற்பகல் வேளையில் நடைவழியில் ஆள் நடமாட்டம் அரிது. விருந்தினர் நிம்மதியாக உறங்கவேண்டும் என்று ஓசை புகாத சுவரும் கதவும் அமைத்திருக்கிறார்கள். வெளி ஓசை உள்ளே புகாத சுவர், உள்ளே எழும் குரலையும் வெளியே விடாது. இந்த எளிய உண்மையைக் கட்டடம் வரைந்தவர் எண்ணியிருக்கமாட்டார். அறைக்குள் தினமும் போகிறவள் எண்ணாதிருக்க முடியாது.

இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள். முன் அறியாதவராய், புதியவராய் வந்தவரே விருந்தினர். வள்ளுவர் அவரைப் பேணுதற்கு ஓரதிகாரமே வகுத்தார். ஆயின் அவர் கண்ட வீட்டில் விருந்தோம்புவான் ஒருவன் இருந்தான். அவன் மனையாள் தன் மனையில், தன் சுற்றத்தார் நடுவே நின்றாள். வந்தவன் வரம்பு மீறினால் வாசலைக் காட்டும் உரிமையும் அந்த வீட்டுக்கு இருந்தது. ஹோட்டலிலோ விருந்தோம்புவது ஒரு கொம்பனி. அது அறைக்குள் வருவதில்லை. உள்ளே வருகிற பெண் அந்த வீட்டின் தலைவியுமல்லள். வாசலைக் காட்டும் உரிமையும் அவளுக்கில்லை. பணங்கொடுத்தவர் மனம் கோணக்கூடாது என்ற ஒரே கட்டளையோடு அவளை அனுப்பியிருக்கிறார்கள். தொல்லை பிறக்கும் இடம் இதுவே. கெட்ட மனிதர் எத்தொழிலிலும் உண்டு. இத்தொழில் அவர்களுக்குப் பூட்டிய அறையையும் வாய்பேசாத ஒருத்தியையும் சேர்த்து வைத்துக் கொடுக்கிறது.

உலகம் இதைக் கவனித்தது 2011 ஆம் ஆண்டு மே மாதத்திலேதான். நியூயோர்க் ஹோட்டல் ஒன்றின் பணிப்பெண், தாம் துப்புரவு செய்யச் சென்ற அறையிலே தம்மைப் பலவந்தப்படுத்தினார் என்று ஒருவர்மீது முறையிட்டார். அவர் சாமானியரல்லர், அப்போது சர்வதேச நாணய நிதியத்தின் தலைமைப் பதவியிலிருந்த டொமினிக் ஸ்ட்ராஸ் கான். பிரான்சுக்குப் புறப்படவிருந்த விமானத்திலிருந்து அவரைப் பொலிசார் இறக்கினர். பலவந்தம் ஏதும் நிகழவில்லை என்று அவர் மறுத்தார். முறையிட்டவரின் வாக்குமூலத்தில் முரண்கள் உள்ளன என்று வழக்குத் தொடுநரே கேட்டுக்கொள்ள, ஆகஸ்டு மாதத்தில் குற்றவியல் வழக்குக் கைவிடப்பட்டது. 2012 டிசம்பரில் குடியியல் வழக்குச் சமரசத்தில் முடிந்தது. அந்த அறையில் நடந்தது இன்னதென்று தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. ஆனால் அந்த வழக்கின் நிழலில் ஒரு காரியம் நடந்தது. 2012 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயோர்க் ஹோட்டற் தொழிலாளர் சங்கம் முதலாளிமாருடன் செய்துகொண்ட புதிய ஒப்பந்தத்தில், அறைப் பணியாளருக்கு அபாயப் பொத்தான் கொடுக்கப்படவேண்டும் என்றொரு விதி சேர்ந்தது. அழுத்தியவுடன் உதவிக்கு ஆளை அழைக்கும் சிறு கருவி அது.

சிக்காகோப் பெண்கள் இன்னும் அடிப்படையிலிருந்து தொடங்கினார்கள். முதலில் எண்ணிப் பார்ப்போம் என்றார்கள். 'யுனைட் ஹியர்' என்னும் தொழிற்சங்கத்தின் அந்நகரக் கிளை 2016 ஆம் ஆண்டில், ஹோட்டல்களிலும் கசினோக்களிலும் வேலை செய்யும் சுமார் 500 பெண்களிடம் விசாரித்து ஓரறிக்கை வெளியிட்டது. ஹோட்டற் பெண்களில் நூற்றுக்கு 58 பேர், கசினோப் பெண்களில் நூற்றுக்கு 77 பேர், விருந்தினரால் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அறைப் பணிப்பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர், நூற்றுக்கு 49 பேர், விருந்தினர் ஆடையின்றிக் கதவைத் திறந்ததையோ உடலைத் திறந்து காட்டியதையோ கண்டிருந்தார்கள். தொழிற்சங்கமே திரட்டிய கணக்கு அது. அதன் நோக்கம் ஒளிவு மறைவானதன்று. ஆயினும் அதற்கு முன் அந்நகரில் இதை எண்ணிப் பார்க்கவேண்டும் என்று ஹோட்டல்காரர் எவரும் முன்வந்து எண்ணியதாக நான் வாசித்ததில்லை.

அந்த அறிக்கையின் தலைப்பைத் தமிழில் சொல்வதானால், 'கையை எடு, காற்சட்டையைப் போடு' என்று சொல்லவேண்டும். இலக்கிய வட்டத்தினர் சிலர் இத்தலைப்பைக் கேட்டு முகஞ்சுளிக்கக்கூடும். கதவைத் தட்டிவிட்டு நின்றபோது தாங்கள் கண்டதை அப்பெண்கள் வேறெந்த நாகரிகச் சொல்லால் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னை அதிகம் உறுத்தியது மற்றோர் எண். தொல்லைக்கு ஆளானவர்களில் மூவரில் ஒருவரே அதை மேலாளருக்குத் தெரிவித்திருந்தார். மற்ற இருவர் ஏன் வாய்திறக்கவில்லை? காரணம் தேடிக் கடல் கடக்கவேண்டியதில்லை. சொன்னால் நம்புவார்களா என்ற ஐயம். நம்பினாலும் என்ன செய்துவிடுவார்கள் என்ற சலிப்பு. அடிக்கடி வந்து தங்கும் பணக்கார விருந்தாளியா, நாளைக்கே வேறோராளை வைத்துக்கொள்ளக்கூடிய பணிப்பெண்ணா என்று வந்தால் தராசு எப்பக்கம் சாயும் என்ற அனுபவ அறிவு. அமெரிக்காவில் இவ்வேலை செய்வோருட் பலர் வேற்று நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். மொழித் தடையும் உண்டு. வீட்டில் சொன்னால் 'அந்த வேலையே வேண்டாம்' என்பார்கள். வேலை போனால் வாடகை எப்படிக் கொடுப்பது?

சங்கம் நகரசபையின் கதவைத் தட்டிற்று. 2017 ஒக்டோபரில் சிக்காகோ நகரசபை ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதே மாதத்தின் தொடக்கத்தில்தான் ஹார்வி வைன்ஸ்டீன் என்னும் படத்தயாரிப்பாளரைப் பற்றிய செய்தி நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் வெளிவந்து உலகெங்கும் கொந்தளிப்பை எழுப்பியிருந்தது. நடிகைகள் பேசத் தொடங்கிய பிறகே பணிப்பெண்களும் பேசினார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். காலவரிசை அதற்கு மாறானது. பணிப்பெண்கள் ஓராண்டுக்கு மேலாகவே பேசிக்கொண்டிருந்தார்கள், கேட்டவர்கள்தான் குறைவு.

அந்தச் சட்டம் சொல்வது இது: விருந்தினர் அறையிலோ கழிப்பறையிலோ தனியாக வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் 2018 யூலை 1 ஆந் திகதிக்குள் அபாயப் பொத்தான் கொடுக்கவேண்டும், அதன் செலவு முதலாளியைச் சேரும். ஒவ்வொரு ஹோட்டலும் பாலியல் தொல்லைக்கு எதிரான விதிகளை எழுதிவைத்து, ஆங்கிலம், ஸ்பானியம், போலிஷ் ஆகிய மூன்று மொழிகளில் பணியாளர் பார்க்கும் இடத்தில் ஒட்டவேண்டும். அபாயம் என்று கண்டால் வேலையைப் போட்டது போட்டபடி விட்டு வெளியேறலாம். பாதுகாவலர் வரும்வரை திரும்பவேண்டியதில்லை. அந்த விருந்தினர் தங்கியிருக்கும் நாள்வரை அவளுக்கு வேறு மாடியிலோ வேறிடத்திலோ வேலை கொடுக்கவேண்டும். பொலிசில் முறையிடவும் சாட்சி சொல்லவும் சம்பளத்துடன் நேரம் கொடுக்கவேண்டும். முறையிட்டதற்காகப் பழிவாங்குதல் கூடாது.

பத்திரிகைகள் பொத்தானைப் படம் பிடித்துப் போட்டன. படம் பிடிக்கத்தக்க பொருள் அதுதான். என் மதிப்பில் அச்சட்டத்தின் உயிர் வேறு வரியில் இருக்கிறது: வேலையை விட்டு வெளியேறலாம் என்ற வரியில். இரண்டு தலையணைக்கு உறை போட்டு மூன்றாவதைப் போடாமல் ஒருத்தி எழுந்து நடந்துவிடலாம். அதற்காக அவள் அன்றைய கணக்கில் ஓரறை குறைந்தது என்று எவரும் கேட்க முடியாது. உள்ளே நுழையாமல் நின்று, பிறகு வருகிறேன் என்று திரும்பிப்போகும் உரிமையும் இதன் கிளைதான். பொத்தான் இல்லாவிட்டாலும் இந்த உரிமை ஓரளவு காக்கும். இந்த உரிமை இல்லாவிட்டால் பொத்தானை அழுத்தவே அவள் அஞ்சுவாள். பொத்தானிலும் தரவேறுபாடு உண்டு. வெறும் கூக்குரல் எழுப்புவது ஒன்று. எந்த மாடி, எந்த அறை என்று பாதுகாவலருக்குக் காட்டுவது இன்னொன்று. முப்பது மாடிக் கட்டடத்தில் எங்கேயோ ஒரு கூக்குரல் கேட்பதால் பயன் என்ன?

வேறு மாடிக்கு மாற்றும் விதியைப் பற்றி எனக்கொரு குறை உண்டு. தவறு செய்தவன் அதே மெத்தையில் உறங்க, பாதிக்கப்பட்டவள் இடம் மாறுகிறாள். சியாட்டில் நகரத்தார் இதனைக் கவனித்தார்கள். 2016 நவம்பரில் அந்நகர வாக்காளரில் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் ஆதரித்த சட்டமொன்று, குற்றஞ்சாட்டப்பட்ட விருந்தினரின் பெயரை ஐந்தாண்டு பதிவில் வைத்திருக்கவேண்டும் என்றும், சத்தியக் கூற்றோடு முறைப்பாடு இருந்தால் மூன்றாண்டுக்கு அவருக்கு அறை கொடுக்கலாகாது என்றும் விதித்தது. ஹோட்டல் முதலாளிமார் எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். நிரூபிக்கப்படாத குற்றத்துக்கு ஒருவர் பெயரைப் பட்டியலில் ஏற்றுவதா என்ற கேள்வி எழுந்தது. அஃது எளிதிற் தள்ளத்தக்க கேள்வியன்று. ஆயினும் 2018 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தை வீழ்த்தியது, ஒரே சட்டத்தில் பல பொருள்களைக் கலந்திருக்கிறீர்கள் என்ற காரணத்துக்காக. மறு ஆண்டில் நகரசபை வெவ்வேறு சட்டங்களாகப் பிரித்து மீண்டும் இயற்றியது.

அதன்பின் காரியங்கள் விரைந்தன. 2018 செப்டெம்பரில் ஹில்டன், ஹையற், மரியற் முதலிய பெரிய ஹோட்டற் கொம்பனிகள் 2020 க்குள் அமெரிக்காவிலுள்ள தங்கள் பணியாளருக்குப் பாதுகாப்புக் கருவி கொடுப்போம் என்று அறிவித்தன. 2019 இல் நியூ ஜேர்சி மாநிலம், 100 அறைகளோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல்களுக்கு இதனைச் சட்டமாக்கியது. வாஷிங்டன், இலினோய் மாநிலங்களும் அவ்வாண்டிலேயே சட்டமியற்றின.

சாப்பாட்டுச்சாலையின் கதை வேறு. அங்கே கதவு பூட்டியிருப்பதில்லை. நூறு கண்கள் பார்த்திருக்கின்றன. ஆனாலும் தொல்லை குறைவதில்லை. ஏன் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1993 நவம்பரில் ஒக்லஹோமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலே, பீட்சாக் கடையொன்றுக்கு இரண்டு முரட்டு வாடிக்கையாளர் வந்தனர். முன்னரே தகாத பேச்சுப் பேசிப் பழகியவர்கள். பரிமாற எவரும் முன்வரவில்லை. மேலாளர் ஒரு பெண்ணை அனுப்பினார். ஒருவன் அவள் தலைமயிரைப் பற்றி இழுத்தான். அவள் திரும்பி வந்து, நான் இனிப் போகமாட்டேன் என்றாள். பரிமாறத்தானே உன்னை வேலைக்கு வைத்தோம், போய்ப் பரிமாறு என்று மேலாளர் மறுபடியும் அனுப்பினார். இம்முறை நடந்தது முன்னதினும் கொடிது. அதை இங்கு எழுத வேண்டியதில்லை. அவள் வேலையை விட்டாள், வழக்குத் தொடுத்தாள். ஜூரிமார் 200,000 டொலர் இழப்பீடு வழங்கினர். 1998 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அக்கடையை நடத்திய கொம்பனியின் பொறுப்பை உறுதிசெய்தது. தொல்லை கொடுத்தவன் ஊழியனல்லன், வாடிக்கையாளன். ஆயினும் தெரிந்துகொண்டே அவளை அவனிடம் அனுப்பியது கடை. இப்பொறுப்பைப் பற்றி அமெரிக்காவின் சமவாய்ப்பு ஆணைக்குழு 1980 ஆம் ஆண்டிலேயே விதி எழுதி வைத்திருந்தது என்பதையும் குறிக்கவேண்டும். பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகும் அந்த மேலாளருக்கு அது எட்டவில்லை.

இதற்குள் இன்னொரு முடிச்சு இருக்கிறது: 'டிப்ஸ்' என்று நாம் சொல்லும் இனாம். அமெரிக்கச் சமஷ்டிச் சட்டப்படி, இனாம் பெறும் ஊழியருக்கு முதலாளி கொடுக்கவேண்டிய மிகக்குறைந்த கூலி மணிக்கு 2.13 டொலர், 1991 ஆம் ஆண்டிலிருந்து அத்தொகை உயர்த்தப்படவில்லை. மிகுதி மேசையிலிருந்து வரவேண்டும். அங்ஙனமாயின் அப்பெண்ணுக்கு உண்மையில் சம்பளம் கொடுப்பவன் யார்? அவள் கையைப் பிடித்து இழுப்பவனே. அவன்மீது சினந்தால் அன்றைய இரவு உணவுக்குக் காசில்லை. கலிபோர்னியா, வாஷிங்டன் முதலிய ஏழு மாநிலங்கள் இனாமைக் கணக்கிற் சேர்க்காமல் முழுக் குறைந்தபட்சக் கூலியும் கொடுக்கவேண்டும் என்று விதித்திருக்கின்றன. கூலிச் சட்டம் என்று நாம் ஒதுக்கி வைப்பது இவ்விடத்தில் மானத்தைக் காக்கும் சட்டமுமாகிறது.

ஆசிரியத் தொழில் செய்கிறவனாதலால் ஒன்றைச் சற்று வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. முன்சொன்ன ஆணைக்குழு 2016 யூனில் வெளியிட்ட அறிக்கையொன்று, முப்பது ஆண்டுகளாகத் தொழிலிடங்களில் நடத்தப்பட்ட வகுப்புகளிற் பெரும்பகுதி தொல்லையைத் தடுக்கும் கருவியாகப் பயன்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. வழக்கு வந்தால் தப்பிக்கொள்வதற்காகவே பலர் அவ்வகுப்புகளை நடத்தினார்களாம். கையொப்பம் வாங்கி அலுமாரியிற் பூட்டிவைக்கும் பாடங்கள் நமக்கும் புதியவையல்ல.

2019 யூன் மாதம் சர்வதேசத் தொழில் அமைப்பு ஜெனீவாவிலே 190 ஆம் இலக்க உடன்படிக்கையை நிறைவேற்றிற்று. 2021 யூனில் அது நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளர் போன்ற வெளியாரால் வரும் தொல்லையையும் அது கணக்கிலெடுக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடியான கடும் அபாயம் என்று தக்க காரணத்தோடு நம்பும் தொழிலாளி, பழிவாங்கலுக்கு அஞ்சாமல் அவ்விடத்தை விட்டகல உரிமையுண்டு என்கிறது. சிக்காகோப் பெண்கள் கேட்டதும் அதையே. உடன்படிக்கையோடு வந்த பரிந்துரை, தனிமையிற் செய்யும் வேலையையும் விருந்தோம்பற் தொழிலையும் பெயர்சொல்லிக் குறிக்கிறது.

நம் நாட்டில் நாம் வேறொரு தடுப்பைக் கையாண்டு வந்திருக்கிறோம். ஹோட்டல் வேலைக்குப் பெண்பிள்ளைகளை அனுப்புவதில்லை. உல்லாசப் பிரயாணத் தொழில் வளர்ந்த கரையோர ஊர்களிலும் அறை துப்புரவாக்குவோர் பெரும்பாலும் ஆண்களே. மகள் ஹோட்டலில் வேலை செய்கிறாள் என்று சொல்லத் தாய்தந்தையர் தயங்குகின்றனர்; சம்பந்தம் பேச வருவோரும் தயங்குகின்றனர். தொல்லை கொடுப்பவன் நடமாட இடம் விட்டு, தொல்லைக்கு ஆளாகக்கூடியவளை வீட்டில் நிறுத்தும் ஏற்பாடு இது. இதையும் மீறி வேலைக்கு வந்தவள்தான் அன்று என் அறை வாசலில் நின்றவள். அவள் வீட்டில் என்னென்ன வாதம் நடந்திருக்கும் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அன்று எண்ணவில்லை, என் கட்டுரையில் பெண் கல்வியைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது.

இவ்வாண்டு மற்றுமொரு கூட்டத்துக்காக அதே ஹோட்டலுக்குப் போயிருந்தேன். அந்தப் பெண்ணைக் காணவில்லை. அறைக்கு வந்தவன் ஒரு பையன். கதவைச் சாத்திவிட்டே வேலை செய்தான். புறப்படும் நாளில் துணிவை வரவழைத்துக்கொண்டு, அறைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு ஆபத்து வந்தால் அழைக்கும் ஏற்பாடு ஏதும் உண்டா என்று மேலாளரிடம் கேட்டேன். மிக மரியாதையானவர். ஆசனங் காட்டினார், தேநீர் தருவித்தார். பிறகு புன்னகையோடு சொன்னார்: "அப்படி ஒன்றுக்கும் தேவை வரயில்லை ஐயா. இதுவரைக்கும் எங்களுக்கு ஒரு முறைப்பாடும் வந்ததில்லை."